இன்-இயர் இயர்போனைக் காதில் சரியாகப் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

காதுக்குள் செருகும் இயர்போனை வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் நான்குதான். பேஸ் (கனத்த கீழ் ஒலி) இல்லை. ஒரு பக்கம் சத்தம் குறைவு. பேசினால் கழன்று விழுகிறது. அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது. கருவி பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அதனுடன் வந்த மற்ற அளவு டிப்புகள் (இயர்போனின் நுனியில் மாட்டும் மென்மையான சிலிகான் மூடிகள்) உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தால், காரணம் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் காதும் கருவியும் சுத்தம், பிறகு டிப்பின் அளவு, பிறகு செருகும் முறை, பிறகு சீல் (டிப் காற்றுக் கசியாமல் ஒட்டி நிற்பது) சோதனை, அதற்குப் பின்தான் வால்யூம், கடைசியில் ஈக்வலைசர் (கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி). புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேஸ் குறைவாக இருந்தால் உடனே ஈக்வலைசரில் பேஸை ஏற்றுவார்கள், அதுவும் போதாமல் வால்யூமைக் கூட்டுவார்கள். கசிவு அப்படியே இருக்கும், காதுக்குப் போகும் ஒலி மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

## தொடங்கும் முன் வேண்டியவை

பெட்டியில் வந்த எல்லா டிப்புகளும், காய்ந்த மென்மையான சிறு பிரஷ் ஒன்று (குழந்தைகளின் புது டூத் பிரஷ் போதும்), நூல் உதிராத துணி, முகம் பார்க்கும் கண்ணாடி. மின்விசிறி நிறுத்திய அமைதியான அறையும் சுமார் இருபது நிமிடமும் வேண்டும்.

சோதனைக்கு இரண்டு ஒலிப்பதிவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மிருதங்கத் தனி ஆவர்த்தனம். வலந்தலையின் (வலப் பக்கம்) நாதமும் தொப்பியின் (இடப் பக்கம்) கனத்த 'தொம்'மும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதால், கீழ் ஒலி குறைந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, தம்புரா சுருதி. ஒரே சீராக ஓடும் ஒலி என்பதால் இரு பக்கமும் சமமா என்று பார்க்க இதைவிட வசதியானது இல்லை. தெரிந்த சினிமாப் பாட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் இடது வலது என்று வாத்தியங்களைப் பிரித்துப் பதிந்த பாட்டாக இருந்தால் சமன் பார்க்கும்போது குழப்பும்.

## 1. காதையும் கருவியையும் பாருங்கள்

பெரியவர்களின் காதுக் குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம் கொண்டது. நேரான குழாய் அல்ல, நடுவில் வளைவு உண்டு. வெளிப்புறப் பகுதி குருத்தெலும்பால் ஆனது, தொட்டால் கொஞ்சம் நெகிழும். உட்பகுதி எலும்பு. அங்கே தோல் மிக மெல்லியது, லேசாக உரசினாலே வலிக்கும். டிப் உட்கார வேண்டிய இடம் நெகிழும் வெளிப்பகுதிதான்.

குறும்பி உருவாவதும் அந்த வெளிப்பகுதியில்தான். இயர்போன் அதைத் தினமும் உள்ளே தள்ளுகிறது. அதற்காக காட்டன் பட்ஸ், கோழி இறகு, ஹேர்பின் எதையும் விட்டுக் குடைய வேண்டாம். குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளே போய் இறுகும். குளித்தபின் காது வாசலைத் துணியால் துடைப்பது போதும். கேட்பதே மந்தமாகும் அளவுக்கு அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் எடுத்துவிட்டு வந்து அடுத்த படியைத் தொடங்குங்கள். அடைத்த காதில் எந்த டிப்பும் சரியாக இருக்காது.

எண்ணெய்க் குளியல் அன்று தனியாகக் கவனிக்க வேண்டும். காது வாசலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிலிகான் டிப் வழுக்கிக்கொண்டே இருக்கும், ஃபோம் டிப் எண்ணெயை உறிஞ்சிக் கெட்டுவிடும். தலை குளித்த ஈரத்தோடு செருகினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். நம் ஊர் வெக்கையில் காதுப் பூஞ்சைக்கு அதுவே போதும். முழுக்கக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

கருவியில் பார்க்க வேண்டியது மூக்கின் (டிப் மாட்டும், ஒலி வெளிவரும் சிறு குழல்) நுனியில் உள்ள வலை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணிகள் திறந்திருக்க வேண்டும். மஞ்சளாக அடைத்திருந்தால் படி 11-ஐ முதலில் செய்துவிட்டு வாருங்கள்.

## 2. போனைச் சுத்தமான நிலைக்குக் கொண்டுவாருங்கள்

ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்றவை எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போன் அமைப்பில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் இடது வலது சமனுக்கான ஒரு நகர்த்தி இருக்கும். அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். குழந்தை கையில் போன் போன வீட்டில் இது நகர்ந்திருந்து, இயர்போன் மேல் பழி விழுந்தது பலமுறை நடந்த கதை.

நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) இருந்தால் அதையும் இப்போதைக்கு அணையுங்கள். கசிவினால் உள்ளே வரும் வெளிச்சத்தத்தை அது ஓரளவு மறைத்துவிடும் என்பதால் சோதனை பொய்யாகும். வால்யூமை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வையுங்கள். சீல் சரியானதும் சத்தம் திடீரென்று கூடும். அந்த நேரத்தில் காது அதிரக் கூடாது.

வயர் உள்ளதென்றால் 3.5 மில்லிமீட்டர் ஜாக் அடி வரை போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். தடித்த பின்கவர் போட்ட போனில் ஜாக் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். அப்போது வாத்தியங்கள் கேட்கும், பாடகர் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் இருப்பது போல மறைந்துவிடும். தரை இணைப்பு விட்டுப்போனால் இரு பக்கத்துக்கும் பொதுவான ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் வரும் விளைவு இது. கவரைக் கழற்றினால் சரியாகிவிடும்.

## 3. இடது எது, வலது எது

'எல்' இடது, 'ஆர்' வலது. எழுத்து தேய்ந்திருந்தால் வலதுக்குச் சிவப்பு நிறம் இருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் இடது துண்டில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு புள்ளி ஒன்று இருக்கும், இருட்டிலும் உதவும். இரண்டும் இல்லையென்றால் மூக்கின் சாய்வைப் பாருங்கள். சரியான காதில் வைத்தால் மூக்கு முகத்தின் பக்கமாக, முன்னோக்கிச் சாய்ந்து உள்ளே போகும். பின்தலை நோக்கிச் சாய்ந்தால் காது மாறியிருக்கிறது. மாற்றி மாட்டிக்கொண்டு எத்தனை டிப் மாற்றினாலும் பொருந்தாது.

## 4. டிப்பின் அளவு

கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் நடுத்தர அளவே மாட்டப்பட்டிருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, சுலபமாக உள்ளே போகிறதே என்று சிறிய டிப்பைத் தேர்ந்தெடுப்பது. சிறியது உள்ளே போகும், ஆனால் சுவரைத் தொடாது. பேசும்போதும் மெல்லும்போதும் நழுவும். நழுவுகிறதே என்று அவர் இன்னும் ஆழமாக அழுத்துவார், டிப் எலும்புப் பகுதியின் ஓரத்தை உரசும், வலிக்கும். வலிப்பதால் அளவு பெரிது என்று முடிவுகட்டி இன்னும் சிறியதற்குப் போவார். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு அளவு பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.

உண்மையிலேயே பெரிதான டிப்புக்கு அடையாளம் வேறு. வலி உள்ளே இல்லாமல் காது வாசலின் விளிம்பில் இருக்கும். இருபது நிமிடத்துக்குள் அழுத்தம் தெரிய ஆரம்பிக்கும். கழற்றிப் பார்த்தால் சிலிகான் ஓரம் மடிந்திருக்கும். அந்த மடிப்பின் வழியாகவும் காற்று கசியும். ஆக, பேஸ் போய்விட்டால் டிப் சிறிதாகவும் இருக்கலாம், பெரிதாகி மடிந்தும் இருக்கலாம். கழற்றி ஓரத்தைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு காதும் ஒரே அளவு என்று எண்ண வேண்டாம். பலருக்கு இடதும் வலதும் மாறுபடும். ஒரு காதில் நடுத்தரம், மறு காதில் பெரியது என்று மாட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக, இருக்கும் எல்லா அளவையும் சோதித்து முடிவு செய்யுங்கள். ஒரு காதுக்குப் பொருந்தியதை மறு காதுக்கும் அப்படியே போடுவதுதான் 'ஒரு பக்கம் சத்தம் குறைவு' என்ற புகாரின் முதல் காரணம்.

சிலிகானில் எந்த அளவும் சரிவரவில்லை என்றால் ஃபோம் டிப் பாருங்கள். அமுக்கினால் சுருங்கி, காதுக்குள் மெல்ல விரிந்து குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். குழாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக உள்ளவர்களுக்கு இதுவே கைகொடுக்கும். குறையும் உண்டு. உச்ச ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் மந்தமாக்கும், சீக்கிரம் தேயும், தண்ணீரில் அலச முடியாது. தினமும் பயன்படுத்தினால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

தனியாக டிப் வாங்குவோர் இரண்டை அளந்துகொள்ளுங்கள். மூக்கின் வெளி விட்டம் டிப்பின் துளைக்குப் பொருந்த வேண்டும். துளை பெரிதானால் டிப் காதுக்குள்ளேயே தங்கிவிடும். ஒயர்லெஸ் இயர்பட்ஸ் என்றால் டிப்பின் உயரமும் முக்கியம். உயரமான டிப் போட்டால் சார்ஜிங் பெட்டியின் மூடி முழுதாக மூடாது, அல்லது பட்ஸ் மேலே தூக்கி நின்று முனைகளைத் தொடாது. மறுநாள் காலையில் ஒரு பக்கம் சார்ஜ் ஏறவில்லை என்று தேடுவீர்கள்.

## 5. டிப்பை மூக்கில் மாட்டுதல்

டிப்பின் குடை போன்ற வெளிப்பகுதியைப் பின்பக்கமாக மடித்துவிட்டால் நடுவில் உள்ள குழாய் தெரியும். அதை மூக்கின் மேல் வைத்து லேசாகத் திருகிக்கொண்டே தள்ளுங்கள். மூக்கைச் சுற்றி ஒரு மேடான வளையம் இருக்கும். குழாய் அதைத் தாண்டி உட்கார வேண்டும். தாண்டியதும் விரலுக்குத் தெரியும். பிறகு குடையை முன்னால் விரித்துவிடுங்கள்.

லேசாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வளையத்தைத் தாண்டவில்லை. அப்படி விட்டால் ஒருநாள் இயர்போன் வெளியே வரும், டிப் உள்ளே நிற்கும். நின்றுவிட்டால், தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்து, ஓரம் வெளியே தெரிந்தால் மட்டும் விரல் நுனியால் பிடித்து எடுங்கள். தெரியவில்லை என்றால் ட்வீசர் விடாமல் மருத்துவரிடம் போங்கள். ட்வீசர் அதை உள்ளேதான் தள்ளும்.

## 6. காதில் செருகும் முறை

நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவதே பெரும்பாலோர் வழக்கம். குழாய் வளைந்தது என்பதால் அப்படிச் செய்தால் டிப் முதல் வளைவில் முட்டி ஒரு ஓரமாக நின்றுவிடும். வளைவை முதலில் நிமிர்த்த வேண்டும்.

வலது காதென்றால் இடது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து, வலது காது மடலின் மேற்பகுதியைப் பிடித்து மேலேயும் பின்னேயும் மெல்ல இழுங்கள். இப்படி இழுத்தால் பெரியவர்களின் குழாய் ஓரளவு நேராகும், வாசலும் அகலும். வலது கையால் இயர்போனைப் பிடித்து, மூக்கு முன்னோக்கிச் சாய்ந்திருக்க, மெல்ல உள்ளே விடுங்கள். வாயைத் திறந்துகொண்டால் இன்னும் சுலபம். தாடை மூட்டு காதுக் குழாய்க்கு முன்னாலேயே இருப்பதால் தாடை அசையும்போது குழாயின் வடிவமும் மாறும்.

உள்ளே போனதும் இயர்போனை முன்னும் பின்னும் ஒரு சிறு அளவு திருகுங்கள். கடிகாரத்தின் நிமிட முள் ஐந்து நிமிடம் நகரும் அளவு போதும். குடையில் ஏதாவது மடிப்பு இருந்தால் இந்தத் திருகலில் விரிந்துவிடும். அதன்பின் காது மடலை விடுங்கள். குழாய் பழைய வடிவத்துக்குத் திரும்பி டிப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மடலை விட்டபின் அழுத்தினால் இந்தப் பிடிப்பு கிடைக்காது.

ஃபோம் டிப்புக்கு இன்னொரு வேலை உண்டு. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, டிப்பை இரு விரல்களுக்கு நடுவே உருட்டி ஒல்லியாக்குங்கள். விரியத் தொடங்கும் முன் உள்ளே வைத்து, 15 முதல் 30 விநாடி விரலால் தாங்கிப் பிடியுங்கள். பிடிக்காமல் விட்டால் விரியும் ஃபோம் தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். ஏசி குளிரில் இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

செருகும்போது 'கரக்' என்று நெகிழித்தாள் கசங்குவது போல ஒரு சத்தம் சிலவற்றில் வரும். உள்ளே அடைபட்ட காற்று, அதிர்ந்து ஒலி எழுப்பும் ஒலித்தகட்டை அமுக்குவதால் வருவது அது. கருவியின் உடலில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை இருக்கும். அதை விரலால் மூடிக்கொண்டு செருகினால் இது அதிகமாகும். துளை எங்கே என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு வேறு இடத்தில் பிடியுங்கள், மெல்லவும் செருகுங்கள்.

டிப்பை எச்சில் தொட்டு ஈரமாக்கிச் செருகும் பழக்கம் வேண்டாம். வழுக்கல் தேவையென்றால் சிலிகானைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடைத்தாலே போதும்.

ரப்பர் சிறகு அல்லது கொக்கி உள்ள மாதிரிகளில் முதலில் டிப்பை உட்கார வைத்துவிட்டு அதன்பின் கருவியைத் திருப்பிச் சிறகை மடலின் உள் மடிப்புக்குள் நுழைத்துவிடுங்கள். சிறகை முதலில் மாட்டினால் டிப் கோணலாகவே நிற்கும்.

## 7. சீல் சோதனை

டிப்பின் ஓரம் குழாயின் சுவரோடு சுற்றிலும் காற்றுக் கசியாமல் ஒட்டி நிற்பதைத்தான் சீல் என்கிறோம். இது ஏன் இவ்வளவு முக்கியம்? இயர்போனுக்குள் இருக்கும் ஒலித்தகடு மிகச் சிறியது. டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கொஞ்சம் காற்றை அழுத்தியும் தளர்த்தியும்தான் அதனால் பேஸ் தர முடியும். முடி அளவு இடுக்கு இருந்தாலும் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். பஞ்சரான டியூபில் காற்றடிப்பது போலத்தான். உச்ச ஒலிகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லாததால் அவை மட்டும் மிஞ்சும். டப்பாவுக்குள் பாடுவது போல் இருக்கிறது என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

சோதனையைப் பாட்டு இல்லாமல் தொடங்குங்கள். இரு காதிலும் மாட்டிக்கொண்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகுங்கள். சீல் சரியான காதில் உங்கள் குரல் தலைக்குள்ளேயே குடத்தில் பேசுவது போல முழங்கும். இரு பக்கமும் ஒரே அளவு முழங்க வேண்டும். ஒரு பக்கம் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பக்கம் கசிகிறது.

அடுத்து மிருதங்கப் பதிவை ஓடவிட்டு ஒரு காதின் இயர்போனை மட்டும் விரல் நுனியால் மிக லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். தொப்பியின் 'தொம்' மாறாமல் இருந்தால் சரி. அழுத்தும்போது கனத்து, விட்டதும் மெலிந்தால் கசிவு உண்டு. படி 6-ஐ இன்னொருமுறை செய்யுங்கள். இருமுறை செய்தும் அப்படியே இருந்தால் டிப் அளவை மாற்றுங்கள். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கேட்பது தீர்வு ஆகாது.

மூன்றாவது, பாட்டு ஓடும்போதே ஐந்தாறு முறை வாயை அகலத் திறந்து மூடுங்கள், மெல்வது போல் தாடையை அசைத்துப் பாருங்கள், தலையை இருபுறமும் திருப்புங்கள். உட்கார்ந்து கேட்கும்போது சரியாக இருந்து, நடக்கும்போது பேஸ் போய்விடுகிறது என்பவர்களின் டிப் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். பொதுவாக ஒரு அளவு பெரிதாக்கினால் தீரும்.

கடைசியாகத் தம்புரா. கண்ணை மூடினால் சுருதி தலையின் நடுவிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் இயர்போன்களை ஒரு நிமிடம் காது மாற்றிப் பிடித்துப் பாருங்கள். முழுதாகப் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை. மெலிந்த ஒலி இயர்போனோடு சேர்ந்து மறு காதுக்குப் போனால் வலையில் அழுக்கு, அல்லது கருவியில் பழுது. அதே காதிலேயே நின்றால் அந்தக் காதின் டிப், அல்லது குறும்பி. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதை இந்த ஒரு நிமிடம் சொல்லிவிடும்.

சில ஒயர்லெஸ் மாதிரிகளில் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதி ஆப்பிலோ போன் அமைப்பிலோ உண்டு. ஏர்பாட்ஸ் ப்ரோவில் இருப்பது தெரிந்ததே. சிறு இசையை ஓடவிட்டு உள் மைக்கால் அளந்து சொல்லும். பயன்படுத்துங்கள், ஆனால் அசையாமல் இருக்கும் அந்த நொடியைத்தான் அது அளக்கிறது. தாடைச் சோதனையை அதற்குப் பின்னும் செய்ய வேண்டும்.

## 8. வயரும் தண்டும்

நேராகத் தொங்கும் வயர் சட்டையில் உரசும் சத்தம் டிப் வழியாக நேரே காதுக்குள் வரும். சீல் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாகக் கேட்கும். வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் இறக்கினால் இது பெருமளவு குறையும். காது அந்த அசைவைத் தாங்கிக்கொள்ளும். தாடைக்குக் கீழே வயரில் உள்ள நகர்த்தியைத் தொண்டை வரை ஏற்றிவிடுங்கள். சட்டைக் கிளிப் இருந்தால் மாட்டுங்கள், வயரின் எடை டிப்பை இழுக்காது.

கண்ணாடி அணிபவர்கள் முதலில் வயரைச் சுற்றிவிட்டு அதன் மேல் கண்ணாடியைப் போடுங்கள். மாற்றிச் செய்தால் கண்ணாடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் வயர் சிக்கும், சீல் உடையும்.

தண்டு உள்ள ஒயர்லெஸ் பட்ஸில் தண்டு வாயின் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். பேச்சைப் பிடிக்கும் மைக்குகள் அந்தத் திசைக்காக அமைக்கப்பட்டவை. எதிர்முனையில் இருப்பவர் குரல் தூரமாகக் கேட்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

## 9. வால்யூம்

சீல் சரியான பிறகு, அந்த அமைதியான அறையிலேயே, பூஜ்யத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வாருங்கள். சொற்கள் தெளிவாகப் புரியும் இடத்தில் நிறுத்துங்கள். எத்தனையாவது படி என்று எண்ணி நினைவில் வையுங்கள். அதுதான் உங்கள் அடிப்படை. வெளியே போனாலும் ஒன்றிரண்டு படிக்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பெரும்பாலும் டிப் கசிகிறது என்று பொருள். டவுன் பஸ் எஞ்சினின் கனத்த உறுமல் அந்த இடுக்கு வழியாக நுழைந்து பாட்டை மூடுகிறது. இறங்கி ஓரமாக நின்று சீலைச் சரிசெய்தால் வால்யூமைக் குறைக்கவே முடியும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் தந்துள்ள அளவுகோல், பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5, 92-க்கு வாரம் முழுவதற்கும் இரண்டரை மணி நேரம்தான். படியாக ஏற்றும்போது சிறிய மாற்றம்போலத் தெரிவது நேரக் கணக்கில் எவ்வளவு பெரிதென்று இந்த எண்களைப் பார்த்தால் புரியும். ஐபோனில் ஹெல்த் செயலி, ஓடும் ஒலியின் டெசிபலைப் பதிவு செய்கிறது. மற்ற போன்களில் பாதுகாப்பு அளவைத் தாண்டும்போது வரும் எச்சரிக்கையை யோசிக்காமல் ஒதுக்கிவிடாதீர்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காவிட்டால் சத்தம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இன்-இயருக்குப் பொருந்தாது. நல்ல சீல் உள்ளே உள்ளதை வெளியே விடாது. 95 டெசிபலில் கேட்டாலும் பக்கத்து இருக்கைக்குத் தெரியாமல் போகலாம். கழற்றியபின் காதில் 'ஙொய்' என்ற இரைச்சலோ, பஞ்சு அடைத்தது போன்ற மந்தமோ இருந்தால், அன்று சத்தம் அதிகம். மறுநாள் குறையுங்கள். ஓரிரு நாளில் போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

சாலையிலும் தண்டவாளம் கடக்கும்போதும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இத்தனை படிகளில் நீங்கள் உருவாக்கிய சீல் ஹாரனையும் தடுக்கும், ரயிலையும் தடுக்கும்.

## 10. இப்போது ஈக்வலைசரும் நாய்ஸ் கேன்சலிங்கும்

நாய்ஸ் கேன்சலிங்கை இனி போடலாம். அது பெரும்பாலும் தொடர்ந்து ஓடும் கீழ் ஒலிகளைக் குறைப்பது. எஞ்சின், மின்விசிறி, ஏசி போன்றவை. பேச்சு, பாத்திரச் சத்தம் முதலியவற்றைத் தடுப்பது முக்கியமாக டிப்தான். அதனால் அந்த வசதி இருக்கிறதே என்று டிப்பைத் தளர்வாக விட முடியாது.

ஈக்வலைசரில் எதையும் மாற்றும் முன் இரண்டு மூன்று நாள் அப்படியே கேளுங்கள். சீல் புதிது என்றால் பேஸ் அதிகமாகவே தோன்றக்கூடும், காது பழக வேண்டும். பிறகும் தேவைப்பட்டால் ஒன்றை ஏற்றுவதைவிட மற்றதை இறக்குங்கள். ஏற்றினால் ஒலி உடையும் அபாயம் உண்டு.

## 11. கழற்றுதல், சுத்தம், வைப்பு

வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றாதீர்கள். ஒயர்லெஸ்ஸையும் சடக்கென்று பிடுங்காதீர்கள். சீல் உள்ள நிலையில் வேகமாக இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறையை இழுக்கும், சுரீரென்று வலிக்கும். உடலைப் பிடித்து லேசாகத் திருகினால் ஓரத்தில் காற்று நுழையும். அதன்பின் மெல்ல எடுங்கள்.

சிலிகான் டிப்பை வாரம் ஒருமுறை கழற்றி, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் வலை அதை உறிஞ்சும். ஃபோம் டிப்பை ஈரத் துணியால் துடைப்பதோடு சரி.

வலையைச் சுத்தம் செய்யும்போது மூக்கு தரையைப் பார்க்க வேண்டும். கீழிருந்து மேலாகக் காய்ந்த பிரஷால் துடைத்தால் உதிரும் குறும்பி கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் உள்ளே விழும். ஊசி, குண்டூசி வேண்டாம், வலை கிழிந்தால் ஒலியே மாறிவிடும். சானிடைசர், ஸ்பிரிட் எதையும் வலையில் ஊற்ற வேண்டாம். கரைந்த குறும்பியோடு அது உள்ளே இறங்கும்.

வியர்வையோடு இருக்கும் ஒயர்லெஸ் பட்ஸைத் துடைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். ஐபிஎக்ஸ்4 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பதற்கான தரம். சார்ஜ் ஏறும் முனைகளில் உப்பு படிவதை அது தடுக்காது. ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் அந்த முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். வயருள்ளதைப் போனைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல், நான்கு விரல் அகலத்துக்குத் தளர்வாக வளையமிட்டு வையுங்கள். வயர் அறுவது பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய அந்த இரண்டு சென்டிமீட்டரில்தான்.

ஒருவர் டிப்பை மற்றவர் போடக் கூடாது. வீட்டுக்குள் பகிர்ந்தாக வேண்டும் என்றால் ஆளுக்கொரு ஜோடி டிப் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

## 12. எதுவும் பொருந்தாவிட்டால்

எல்லா அளவு சிலிகானும் ஃபோமும் பார்த்தபின்னும் வலிக்கிறது என்றால், கருவியின் உடல் காது மடலின் குழிக்குப் பெரிதா என்று கண்ணாடியில் பாருங்கள். டிப்பை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. உடல் சிறிய, மூக்கு நீளமான மாதிரிக்கு மாறுவதே வழி. குழாயே மிகக் குறுகலாக உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காது வாசலில் நிற்கும் திறந்த வகையோ, காதை மூடும் ஹெட்போனோ நல்லது.

அரிப்பு, நீர் வடிதல், துர்நாற்றம், மடலை இழுத்தாலே வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அன்றே இயர்போனை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்து வேறு. குணமானதும் பழைய ஃபோம் டிப்புகளை எறிந்துவிட்டு, சிலிகானைக் கழுவிக் காயவைத்து, படி 1-லிருந்து தொடங்குங்கள்.